பாய்மரப் படகில் ஆடி அமாவாசை

இந்த ஊரில் கூரைகள் எல்லாம் சரிவாக இருக்கின்றன. சோற்றை வைத்தால் உருண்டு கீழே வந்துவிடும். வந்த புதிதில் எனக்கு விசித்திரமாகப் பட்டது அகலமான ரோடும் பெரிய கார்களும் இல்லை. அதெல்லாம் இருக்கும் என்று மகன் போனிலேயே சொல்லியிருந்தான். அமாவாசை அன்று காக்கைக்குச் சோறு வைக்க இடம் விடாமல் ஒரு ஊரையே எப்படிக் கட்டினார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. அமெரிக்காவில், டெக்ஸாஸில் இருக்கிற இந்தக் காப்பெலில் எங்களுக்கு மாடியில் ஒரு அபார்ட்மென்ட். பால்கனிக் கைப்பிடியில் ஒரு உருண்டை வைத்துப் பார்த்தேன். அது கீழ்வீட்டுப் பெண் நாற்காலி போட்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தபோது அவள் மேல் விழுந்தது. அபார்ட்மென்ட் மேனேஜர் வந்து பறவைகளுக்கு இங்கே உணவு போடக்கூடாது என்றார். பறவைக்கு யார் போட்டார்கள், என் வீட்டுக்காரருக்குத்தான் போட்டேன் என்றேன். மகன் அதை மொழிபெயர்க்கவில்லை. சாரி என்று மட்டும் சொன்னான்.

அதற்குப் பிறகு அமாவாசைக்கு அமாவாசை மகன் செந்தில் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு, மளிகைக் கடையின் பார்க்கிங் லாட்டுக்குப் போவான். அங்கே கறுப்புப் பறவைகள் கூட்டம் கூட்டமாக இருக்கும். தள்ளுவண்டிகளின் மேலும் கார்களின் கீழும் கம்பத்து விளக்கிலும் உட்கார்ந்திருக்கும். எவர்சில்வர் தட்டைக் கீழே வைத்து நான்கு அடி தள்ளி நின்றால் போதும், வந்துவிடும். இந்த ஊர்க் காக்கை கொஞ்சம் ஒல்லி. வால் நீளம். கண் மஞ்சள். குரலும் நம்மூர்க் காக்கை மாதிரி இல்லை, எண்ணெய் போடாத கதவு மாதிரி. கடல் தாண்டி வந்தால் மனிதர்களே நடை உடை மாறிவிடுகிறார்கள், காக்கை மாறாதா என்று நினைத்துக்கொண்டேன். தட்டைக் காலி பண்ணிவிட்டுப் பறந்துபோகும். அதன் பிறகு நாங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிடுவோம். இரண்டு வருடமாக இப்படி நடந்தது. ஒரு குறையும் தெரியவில்லை.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். எழுதினால் மெதுவாக வரும். இங்குள்ள தமிழ்ச் சங்கத்து மலருக்கு நீங்களும் ஏதாவது எழுதிக் கொடுங்க ஆன்ட்டி என்று ஒரு பெண் கேட்டாள். சமையல் குறிப்பு எதிர்பார்த்தாள் என்று நினைக்கிறேன். எனக்கு நேரம் நிறைய இருக்கிறது, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் அரசு பஸ் டிரைவர். ஈரோட்டில் ஏறி, திம்பம் மலை வழியாக மைசூர் போய்த் திரும்புவார். எங்கள் தெருவில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டிரைவர் வீட்டம்மா என்றுதான் சொல்வார்கள். ஈரோட்டில் டிரைவர்களுக்குப் பஞ்சமில்லை, ஆனாலும் அப்படிச் சொன்னால் அது நான்தான்.

அவர் போனபோது செந்தில் விமானத்தில் இருந்தான். கொள்ளி வைக்க வேண்டியவன் கடலுக்கு மேலே எங்கேயோ சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தான். சித்திரை வெயில், வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். பங்காளி வீட்டுப் பையன் கொள்ளி வைத்தான். செந்தில் வந்து சேர்ந்தபோது வீடு கழுவி விட்டிருந்தது. அவன் ஷூவைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, அப்பா எங்கே என்று கேட்பவன் மாதிரி ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்தான். அழவில்லை. அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவும் இல்லை. காரியம் முடிந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டான்.

இரண்டாயிரமாவது வருடம் பிறந்தால் கம்ப்யூட்டர்கள் எல்லாம் குழம்பிப்போகும் என்று சொல்லி, அதைச் சரி பண்ணுகிற ஆட்களில் ஒருவனாக அவனை இங்கே வைத்திருந்தார்கள். அவனுடைய மேனேஜர் பெயர் டக். வெள்ளைத் தாடி வைத்த மனிதர். செந்தில் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறான். எனக்குக் கூச்சமாக இருந்ததால் நான் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. டக்கிடம் ஒரு பாய்மரப் படகு இருக்கிறது. வடக்கே, டெக்ஸாஸ் முடிந்து ஓக்லஹோமா ஆரம்பிக்கிற இடத்தில், ஆற்றை மறித்துக் கட்டிய பெரிய ஏரியில் அதைக் கட்டி வைத்திருக்கிறார். கோடையில் நான்கு நாள் படகில் போகலாம், அம்மாவும் வரட்டும் என்று கூப்பிட்டிருந்தார்.

"ஏரியைத் தாண்டி எந்த ஊருக்குடா போறோம்?" என்று கேட்டேன்.

"ஊருக்கெல்லாம் இல்லம்மா. ஏரிக்குள்ளயேதான். கோவ் கோவ்வா போய் நிப்போம்."

கோவ் என்றால், ஏரி கரைக்குள் கையை நீட்டிக்கொண்டு போய் ஒளிந்திருக்கிற இடம். ரோடு கிடையாது, வீடு கிடையாது, படகில் மட்டும்தான் போக முடியும்.

"நின்னு?"

"நின்னு பாப்போம்."

"என்னத்த?"

என் மருமகள் சுதா மெட்ராஸ் பெண். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாள். "ரிலாக்ஸ் பண்றதுக்கு அத்தை" என்றாள். வீட்டுக்குள் ஏசியில் சோபாவில் உட்கார்ந்திருந்தவளை வெயிலில் கொண்டுபோய்த்தான் ரிலாக்ஸ் பண்ண வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. ஈரோட்டிலிருந்து கொண்டுவந்த தினசரிக் காலண்டரைப் பார்த்தேன். மூன்றாம் நாள் ஆடி அமாவாசை.

செந்தில் முகம் சுருங்கிவிட்டது. "ம்மா, என் கிரீன் கார்டுக்கு அவர்தான் சப்போர்ட் பண்ணிட்டிருக்காரு. வரலன்னு சொல்ல முடியாது."

"வரலன்னு யாரு சொன்னா? ஆடி அமாவாசைக்குப் பவானி கூடுதுறைக்குப் போறதில்லையா? தண்ணி இருக்கற எடத்துக்குத்தான போறோம். அங்கயே பண்ணிக்கலாம்."

"மேனேஜர் போட்லயா?"

"ஏன், அவங்க வூட்டுல யாரும் சாகறதில்லையா?"

பச்சரிசி, பருப்பு, புளி, கறுப்பு எள், இந்தியன் கடையில் வாங்கிய வாழைக்காய், தயிர், எவர்சில்வர் தட்டு, எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிக்கொண்டேன். வாழைக்காய் என் வீட்டுக்காரருக்குப் பிடிக்காது. வாயு என்பார். ஆனால் விரதச் சமையலில் வாழைக்காய் இல்லாமல் முடியாது. அவருடைய அப்பாவுக்குப் படைக்கிற நாளில்கூட, சாப்பிட உட்கார்ந்ததும் வாழைக்காயை விரலால் இலையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார். வருடம் தவறாமல் நான் வைப்பேன், அவர் தள்ளுவார்.

படகில் ஏறும்போது என் புடவை மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மெத்தைச் சட்டையை மாட்டிவிட்டார்கள். தண்ணீரில் விழுந்தால் மிதக்குமாம். டக் என் புடவையைப் பார்த்துச் செந்திலிடம் ஏதோ சொன்னார். அவன் மொழிபெயர்க்கவில்லை. அவன் மொழிபெயர்க்காமல் விடுகிறவைதான் முக்கியமானவை என்று எனக்குத் தெரியும். டக்கின் மனைவி லிண்டா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். கழுத்தில் பைனாகுலர் தொங்கியது. மடியில் பறவைப் படங்கள் போட்ட புத்தகம். நல்ல மனுஷி. எனக்குக் காது கேட்காது என்று நினைத்து எல்லாவற்றையும் உரக்கச் சொன்னார்.

படகுக்குப் பின்னால் ஒரு இஞ்சின் இருந்தது. துறையை விட்டு வெளியே வருகிற வரைக்கும் அதை ஓட்டினார்கள். வெளியே வந்ததும் டக் அதை அணைத்துவிட்டுப் பாயை ஏற்றினார். ரிப்பேரா என்று கேட்டேன். ரிப்பேர் இல்லையாம். நல்ல நிலையில் இருக்கிறதாம். ஏரிக்குள் அதை ஓட்டுவது மரியாதை இல்லையாம். டக் இந்தப் படகை வாங்கியதிலிருந்து ஏரி நடுவில் இஞ்சினைத் தொட்டதில்லை என்று லிண்டா பெருமையாகச் சொன்னார். என் வீட்டுக்காரர் அவருடைய டெப்போவில் புதிதாகச் சேருகிற டிரைவர்களிடம், மலையிறங்கும்போது டீசல் மிச்சம் பிடிக்க இஞ்சினை அணைக்கிறவன் டிரைவரே இல்லை என்று சொல்வார். இஞ்சின் கையில் இருக்கும்போது காற்றை நம்பிப் போகிற ஆளை அவர் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துக்கொண்டே இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன்.

எதிரே தெரிகிற கரைக்கு நேராகப் போகவில்லை. இப்படிக் கொஞ்ச தூரம், அப்படிக் கொஞ்ச தூரம் என்று கோணல் கோணலாகப் போனோம். காற்று எதிரே இருந்தால் அப்படித்தானாம். அவரும் திம்பத்தில் கோணல் கோணலாகத்தான் பஸ்ஸை ஏற்றுவார். ஆனால் அங்கே மலை இருந்தது. இங்கே சமதளமாகத் தண்ணீர், அதற்கு நடுவில் யாரும் வைக்காத வளைவுகளில் எல்லாம் நாங்கள் திரும்பினோம். ஒவ்வொரு திருப்பத்துக்கும் டக் ஒரு குரல் கொடுப்பார். பாயைத் தாங்கும் கட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தலைக்கு மேல் வீசிக்கொண்டு போகும். எல்லோரும் குனிய வேண்டும். கோயிலில்கூட நான் இவ்வளவு தடவை குனிந்ததில்லை.

கோவ்கள் நன்றாகத்தான் இருந்தன, இல்லை என்று சொல்லமாட்டேன். சுண்ணாம்புப் பாறை, அதன் மேல் குட்டை குட்டையான மரங்கள், பாறையின் நிழல் விழுகிற இடத்தில் பச்சைத் தண்ணீர். நங்கூரம் போட்டு நிறுத்தினால் சத்தமே இருக்காது. ஒவ்வொரு கோவ்விலும் டக் கைகளை விரித்து மூச்சை இழுத்து, இங்கே யாருமே இல்லை என்று சந்தோஷமாகச் சொல்வார். எனக்கு அது தெரிந்துகொண்டுதான் இருந்தது. யாரும் இல்லாத இடத்தைத் தேடி இந்த ஊர்க்காரர்கள் படும் பாட்டைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். காப்பெலில் பகல் முழுக்க யாரும் இல்லாத தெருவைத்தான் நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்குப் படகு தேவைப்படவில்லை.

அமாவாசை அன்று விடிந்ததும் செந்தில் படகின் பின்பக்க ஏணியில் இறங்கி ஏரியில் தலை முழுகினான். டக் எழுந்து வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசரம். ஈர வேட்டியோடு, கையில் எள்ளும் தண்ணீரும் எடுத்து மூன்று தடவை விட்டான். அப்பா பெயரைச் சொல்லும்போது குரல் எனக்கே கேட்கவில்லை. திருடப் போன வீட்டில் நிற்பவன் மாதிரி திரும்பித் திரும்பிப் பார்த்தான். நானும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆரஞ்சுச் சட்டையோடு ஒரு முழுக்குப் போட்டேன். அந்தச் சட்டை முழுக விடவில்லை. தலையில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டேன்.

படகுக்குள் ஒரு சின்ன அடுப்பு. அதில் சாதம், சாம்பார், வாழைக்காய்ப் பொரியல் செய்தேன். படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அடுப்பு மட்டும் நேராக நிற்கிற மாதிரி தொங்கவிட்டிருந்தார்கள். அந்தப் படகில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். எல்லாம் ஆனதும் தட்டில் சாதம், பருப்பு, பொரியல், தயிர் வைத்துப் படகின் கூரை மேல் கொண்டுபோய் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். ஒரு வெள்ளைப் பறவை வந்தது. விரட்டினேன். மறுபடி வந்தது. மறுபடியும் விரட்டினேன்.

லிண்டா எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துவிட்டார். இஞ்சி பிஸ்கட் கொண்டுவந்து கொடுத்தார். வேண்டாம் என்றதும் படகு ஆட்டத்துக்கு மாத்திரை கொண்டுவந்தார். அதுவும் வேண்டாம் என்றதும் செந்திலைப் பார்த்தார். செந்தில் சுதாவைப் பார்த்தான். சுதாதான் சொன்னாள். இறந்துபோன மாமனாருக்காகக் காக்கைக்குச் சாப்பாடு வைத்திருக்கிறோம், அது சாப்பிட்ட பிறகுதான் நாங்கள் சாப்பிடுவோம் என்று. லிண்டா தட்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு என்னவோ கேட்டார்.

"என்ன கேக்கறாங்க?"

"உங்க ஹஸ்பண்ட் காக்காவா வருவாரான்னு கேக்கறாங்க அத்தை."

"வருவாருன்னு சொல்லு. மளிகைக் கடைப் பார்க்கிங் லாட்டுக்கு மாசாமாசம் வந்துட்டுத்தான இருந்தாரு. இங்கதான் காணோம்."

சுதா சொன்னதும் லிண்டாவின் முகம் மாறியது. புத்தகத்தைப் புரட்டி ஒரு படத்தைக் காட்டினார். ஒல்லியாக, வால் நீளமாக, மஞ்சள் கண். ஆமாம், இதுதான் என்று தலையாட்டினேன். அவர் வருத்தத்தோடு இன்னொரு பக்கத்தைத் திருப்பினார். அதில் ஒரு காக்கை இருந்தது. நம்மூர்க் காக்கைக்குக் கழுத்தில் சாம்பல் பூசினாற்போல இருக்கும், இது முழுக் கறுப்பு. மற்றபடி மூக்கு, கால், பார்வை எல்லாம் காக்கையேதான். யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதலில் காட்டியதன் பெயர் கிராக்கிள். காக்கைக்கு அது உறவே இல்லையாம்.

எனக்கு டிபன் கேரியர் ஞாபகம் வந்தது. என் வீட்டுக்காரர் வெளிச்சாப்பாடு தொடமாட்டார். மைசூர் போனாலும் என் கேரியரில் கட்டிக் கொடுத்ததைத்தான் சாப்பிடுவார். ஒருநாள் கேரியர் பளபளவென்று கழுவித் திரும்பி வந்தது. கட்டிக்கொண்ட நாள் முதல் அவர் கேரியரைக் கழுவினதே கிடையாது. யார் தின்னா என்று கேட்டேன். புதிதாக வந்த கண்டக்டர் தன்னுடையது என்று நினைத்து எடுத்துச் சாப்பிட்டுவிட்டானாம். பாவம், கழுவி வைத்திருந்தான். இவர் ஒன்றும் சொல்லாமல், பட்டினியாகவே மலையிறங்கி ஈரோடு வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். "ஏனுங்க, ஒரு டீயாவது குடிக்கறதுக்கென்ன?" என்று கேட்டதற்கு, "நீ கட்டிக் குடுத்தது இருக்குதுன்னு நெனச்சுட்டே வந்தேன்" என்றார். ஒரு நாளைக்கே அப்படி. இங்கே இரண்டு வருடமாக யாரோ தின்றுவிட்டுத் தட்டைச் சுத்தம் பண்ணி வைத்திருக்கிறார்கள். சுத்தமாக இருந்ததைப் பார்த்து நானும் திருப்தியாக வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

"காக்கா சாப்பிடாம நான் சாப்பிட மாட்டேன்" என்றேன்.

நான் சாப்பிடவில்லை என்றால் செந்தில் சாப்பிட முடியாது. அவன் சாப்பிடாமல் சுதா சாப்பிட மாட்டாள். நீங்களாவது சாப்பிடுங்கள் என்று டக்குக்குச் சொல்லச் சொன்னேன். விருந்தாளி பட்டினி கிடக்கும்போது இந்தப் படகில் நாங்கள் சாப்பிடுவதில்லை என்று அவரும் சொல்லிவிட்டார். அதுவும் பிடிவாதம்தான். எனக்குப் பிடித்திருந்தது. காக்கை மரம் அடர்ந்த கரையில்தான் இருக்கும், அந்தப் பக்கம் போய்ப் பார்க்கலாம் என்று லிண்டா கை காட்டினார். டக் நங்கூரத்தைத் தூக்கிப் பாயை ஏற்றினார். காற்று இல்லை. பாய் கொடியில் காயப்போட்ட வேட்டி மாதிரி தொங்கியது. வெயில் உச்சிக்கு வந்தது. லிண்டாவின் கை சிப்ஸ் பாக்கெட் வரைக்கும் போய் வெறுமனே திரும்பியது.

செந்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "ம்மா, இந்த ஒருதடவ விட்டுடேன். ஊருக்குப் போய் நல்லாப் பண்ணிக்கலாம்."

"உங்கப்பா ரெண்டு வருசமாப் பட்டினிடா."

"ம்மா, அப்பா நெஜமாவே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

"நெசமா பொய்யான்னு நான் கேக்கலை. கட்டிக் குடுத்த சோறு போய்ச் சேந்துச்சா இல்லையான்னுதான் கேக்கறேன்."

டக் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். செந்திலிடம் ஏதோ கேட்டார். செந்தில் தயங்கிப் பதில் சொன்னான்.

"என்னவாமா?"

"அப்பா என்ன வேலை பாத்தாருன்னு கேட்டாரு. பஸ் டிரைவர்னு சொன்னேன். மலையிலயான்னாரு. ஆமான்னேன்."

அவன் ஆபீசில் அப்பா பஸ் டிரைவர் என்று அதற்கு முன் சொல்லியிருப்பானா என்பது எனக்குத் தெரியாது. டக் தாடியைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் பாயை அண்ணாந்து பார்த்தார். பிறகு எழுந்து பின்பக்கம் போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தார். இஞ்சின் இருமியது. மறுபடி இழுத்தார். ஓட ஆரம்பித்தது. லிண்டா அவரைக் கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவரைப் பார்ப்பதுபோல ஏற இறங்கப் பார்த்தார். படகு கோணாமல், வளையாமல், நேராகப் போனது. எனக்கு அப்போதுதான் படகில் போகிறோம் என்கிற எண்ணமே வந்தது.

முதல் கோவ்வில் ஒன்றும் இல்லை. அடுத்ததில் கொக்கு இருந்தது. அதற்கும் அடுத்ததில் லிண்டா பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலே என் தோளைப் பிடித்து உலுக்கினார். பட்டுப்போன மரம் ஒன்றில் நான்கைந்து காக்கைகள். அது ஓக்லஹோமா கரை. எங்கள் வீடு டெக்ஸாஸில், காக்கை ஓக்லஹோமாவில். கரைக்குப் பக்கத்தில் படகு போகாது என்பதால் ஒரு ரப்பர் தோணியை இறக்கி, டக் துடுப்பு போட, நானும் செந்திலும் தட்டோடு போனோம். பாறை மேல் தட்டை வைத்துவிட்டுத் தள்ளி நின்றோம். காக்கைகள் எங்களைப் பார்த்தன. தட்டைப் பார்த்தன. வரவில்லை. நம்மூர்க் காக்கை என்றால் இந்நேரம் கையிலிருந்தே பிடுங்கியிருக்கும். இவற்றைச் சாப்பிட வா என்று யாரும் இதுவரை கூப்பிட்டிருக்கமாட்டார்கள்.

"கூப்புடு" என்றேன்.

"நீயே கூப்பிடும்மா."

"மகன் நீ நிக்கறப்ப நான் எதுக்குக் கூப்புடோணும்?"

செந்தில் டக்கை ஒருமுறை பார்த்துக்கொண்டான். "கா... கா..." என்றான், ஆபீஸ் போனில் பேசுகிற குரலில். காக்கைகள் அசையவில்லை. அவன் கஷ்டப்படுவதைப் பார்த்து டக்கும் "கா!" என்றார். டக்கின் கா நன்றாக இருந்தது. படகிலிருந்து சுதாவும், அவளைப் பார்த்து லிண்டாவும் ஆரம்பித்தார்கள். ஆளுக்கு ஒரு சுருதியில், யாருமே இல்லாத அந்தக் கோவ்வில், எல்லோரும் கா கா என்று கத்தினோம். ஒரு காக்கை தன் இறகைக் கோதிக்கொண்டது.

செந்தில் திடீரென்று நிறுத்தினான். இரண்டு அடி முன்னால் போனான். "அப்பா" என்றான். பிறகு நல்ல சத்தமாக, நம்ம வீட்டு வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரி, "அப்பா, நான் வந்துட்டனுங்ப்பா. சாப்புட வாங்க" என்றான். குரல் உடைந்து பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. "வந்துட்டனுங்ப்பா" என்று இன்னொரு தடவையும் சொன்னான்.

அந்தச் சத்தத்துக்குப் பயந்து காக்கைகள் பறந்துபோய்விட்டன. ஒன்று மட்டும் போகவில்லை. தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் பார்த்தது. கீழே இறங்கியது. பாறையில் நடந்து வந்து தட்டைச் சுற்றியது. அலகால் வாழைக்காய்த் துண்டு ஒன்றைத் தூக்கி ஓரமாகப் போட்டது. இன்னொன்றையும் தூக்கிப் போட்டது. அதற்குப் பிறகு சோற்றில் வாய் வைத்தது.

டக் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். செந்தில் பாறையிலேயே உட்கார்ந்து முகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. நான் போய்த் தொடவில்லை. இரண்டு வருடம் பொறுத்தவன், கொஞ்ச நேரம் நிம்மதியாக அழட்டும் என்று காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தக் காக்கையும் மேலே இருப்பதைத் தள்ளிவிட்டுத்தான் சாப்பிடும் அத்தை என்று சுதா பிறகு சொன்னாள். சொல்லட்டும். அவள் அவரோடு உட்கார்ந்து அதிகம் சாப்பிட்டதில்லை.

படகுக்குத் திரும்பி எல்லோரும் சாப்பிட்டோம். டக் சாம்பார் சாதத்தை ஸ்பூனால் சாப்பிட்டு, மிச்சம் இருந்த வாழைக்காயை எல்லாம் ஒரு துண்டு விடாமல் தின்றுவிட்டார். சாயங்காலம் காற்று வந்தது. உடனே இஞ்சினை அணைத்துவிட்டார். மறுபடி கோணல் கோணலாகப் போனோம். ஒவ்வொரு திருப்பத்துக்கும் குனிந்துகொண்டேன்.

ஆவணி அமாவாசை வந்தது. வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் ஓடைக்கரைப் பூங்காவில் உண்மையான காக்கை இருக்கிறது என்று சுதா விசாரித்து வைத்திருந்தாள். சமைத்ததை டப்பாவில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்தேன். வழியில் அந்த மளிகைக் கடை. நிறுத்தச் சொன்னேன். செந்தில் பார்க்கிங் லாட்டுக்குள் திருப்பியதுமே அவை வந்துவிட்டன. எங்கள் காரைத் தெரிந்து வைத்திருக்கின்றன. இறங்கி, ஒரு பங்கைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"ம்மா, அது காக்கா இல்லன்னு தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு?"

"ரெண்டு வருசமாக் கூப்புட்டுச் சோறு போட்டுட்டு, நீ காக்கா இல்ல போன்னு சொல்றதா? இந்த ஊர்லயும்தான் தெனமும் ஆளுங்க சாகறாங்க. யாரு வெக்கறா அவங்களுக்கு?"

அவன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் அப்பா பிடிப்பது மாதிரியே, இரண்டு கையாலும். கிரீன் கார்டு வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. அவன் இங்கேதான் இருப்பான். ஈரோட்டு வீடு பூட்டிக் கிடக்கிறது. அதன் மொட்டை மாடி சமமாக இருக்கும், எவ்வளவு சோறு வைத்தாலும் உருளாது. நான் கண்ணை மூடினபிறகு அங்கே வந்து உட்கார்ந்தால் கூப்பிட ஆள் இருக்காது. இங்கே வந்தால் எந்த உருவத்தில் வருவேன் என்று எனக்கே தெரியவில்லை.

"கண்ணு, மஞ்சக் கண்ணோட வந்தாலும் வெரட்டிறாத" என்றேன்.

"சும்மா இரும்மா" என்று அவன் காரை எடுத்தான்.

தள்ளுவண்டி ஒன்றின் கைப்பிடியில் ஒரு கிராக்கிள் உட்கார்ந்திருந்தது. சோற்றுக்குப் போகாமல், நீளமான வாலை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு, ரொம்ப நாள் பழகியவர்கள் பார்ப்பதுபோல என்னையே பார்த்தது. கார் திரும்புகிற வரைக்கும் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். மடியில் காக்கையின் பங்கு இன்னும் சூடாக இருந்தது.